பணக்காரனாக்கும் புத்தகங்கள்

பஸ் நிலையத்துப் புத்தகக் கடைகளில் இன்று ஒரு வகைப் புத்தகம் மலிந்து கிடக்கிறது. பணம் சேர்ப்பது எப்படி, தலைவனாவது எப்படி, தொழில் நடத்துவது எப்படி என்று சொல்லித்தரும் புத்தகங்கள். பல அமெரிக்காவில் எழுதப்பட்டவை, தமிழிலும் வந்துவிட்டன. மில்லில் ஷிப்டு முடித்து வரும் வாலிபனும் வாங்குகிறான். விவசாயக் கூலி வீட்டில் படித்த பிள்ளையும் வாங்குகிறான். வாங்குகிறவனை நாம் கேலி செய்யவில்லை. வறுமையிலிருந்து மீளவேண்டுமென்ற ஆசை நியாயமான ஆசை. அந்த ஆசைக்கு இவை என்ன பதில் சொல்கின்றன என்பதே கேள்வி.

சுற்றி வளைத்துச் சொன்னாலும் பதில் ஒன்றுதான். நீ ஏழையாயிருக்கக் காரணம் உன் புத்தி. புத்தியை மாற்றிக்கொண்டால் பணம் வரும்! நிலம் யாருடையது, மில் யாருடையது, கூலியை நிர்ணயிப்பது யார் என்ற பேச்சே இல்லை.

பாபிலோன் நகரத்துப் பணக்காரனின் கதையைச் சொல்லும் ஒரு புத்தகம் பிரசித்தமானது. ஜார்ஜ் கிளேசன் என்பவர் 1926 முதல் சிறு பிரசுரங்களாக எழுதியது. அவற்றை ஜனங்களுக்கு விநியோகித்தவர்கள் யார்? பாங்குகளும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும்! சம்பாதிப்பதில் பத்தில் ஒரு பங்கை எடுத்து வை என்பது அதன் உபதேசம்.

சேமிப்பு கெட்டதல்ல. சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்று நம் பாட்டிமாரும் சொன்னதுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2024-25ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி நாளொன்றுக்கு 319 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்து, முழுக் கூலியும் கைக்கு வந்தால்கூட 31,900 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்கு 3,190 ரூபாய். வீட்டில் ஒருவர் காய்ச்சலில் படுத்தால் தீர்ந்தது அந்தச் செல்வம்! உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது நம் பழமொழி. மிஞ்சாததில் பத்தில் ஒரு பங்கு எவ்வளவு?

அதே புத்தகத்தில் பாபிலோன் அடிமைகளும் வருகிறார்கள். வேலையை நண்பனாக்கிக்கொள் என்பதே அடிமைக்குக் கிடைக்கும் புத்திமதி!

1997ல் ராபர்ட் கியோசாகியின் புத்தகம் வந்தது. பணக்காரத் தந்தை, ஏழைத் தந்தை என்று இரண்டு பேரை வைத்துப் பாடம் சொல்கிறது. சம்பளத்தை நம்பாதே, வாடகையும் லாபமும் தரும் சொத்தைச் சேர் என்கிறது. சரி, அந்த வாடகையைக் கொடுப்பது யார்? அந்த லாபத்தை உண்டாக்குவது யார்? அவர்களும் உழைப்பாளிகள்தானே? எல்லோரும் வாடகை வாங்கக் கிளம்பினால் கொடுப்பதற்கு ஆள் எங்கே? இந்த ஆசிரியரின் கம்பெனி ஒன்று ஏறத்தாழ 2 கோடியே 40 லட்சம் டாலர் கொடுக்கவேண்டுமென்று கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2012ல் கம்பெனி திவால் மனு கொடுத்தது. கம்பெனிதான் திவால், அவர் திவாலாகவில்லை. தொழிலாளி கடன் வாங்கித் தொழில் செய்து நொடித்தால் அப்படித் தப்ப முடியுமா? அவன் வீட்டுச் சாமான்தான் தெருவுக்கு வரும்.

தலைமையைப் பற்றிய புத்தகங்களின் லட்சணத்தையும் பார்ப்போம். ஆல்பர்ட் டன்லப் என்ற அமெரிக்க மானேஜர் 1996ல் தன் பெருமையைத் தானே புத்தகமாக எழுதினார். மரமறுக்கும் ரம்பம் என்பது இவருக்குப் பட்டப்பெயர். ஸ்காட் காகிதக் கம்பெனியில் 11,000க்கும் மேற்பட்ட வேலைகளை வெட்டினார். கம்பெனியை விற்று, தாம் மட்டும் ஏறத்தாழ 10 கோடி டாலருடன் வெளியேறினார். பிறகு சன்பீம் கம்பெனிக்குப் போனார். அங்கே 12,000 பேரில் பாதிப் பேருக்கு ஆட்குறைப்பு! ஷேர் விலை ஏறியது, கனவான்கள் கைதட்டினார்கள். 1998ல் அவரே வெளியேற்றப்பட்டார். 2001ல் கம்பெனி திவால். பொய்க் கணக்குக் காட்டியதாக அமெரிக்க சர்க்காரின் பங்குச் சந்தைக் கமிஷன் வழக்குப் போட்டது. 2002ல் 5 லட்சம் டாலர் கட்டினார். ஷேர் விற்கும் கம்பெனிகளில் இனிப் பதவி வகிக்கக்கூடாதென்ற தடையும் விழுந்தது. வீட்டுக்கு அனுப்பப்பட்ட தொழிலாளிக்கு வேலை திரும்பி வந்ததா?

இவற்றுக்கெல்லாம் மூத்த புத்தகம் ஒன்று உண்டு. 1911ல் பிரெடரிக் டெய்லர் எழுதிய விஞ்ஞான நிர்வாகத் தத்துவங்கள். கையில் கடிகாரம் பிடித்து வேலைப்பளுவை ஏற்றுகிறார்களே, அதற்கு மூலம் இதுதான். பெத்லஹேம் இரும்பாலையில் ஷ்மிட் என்ற தொழிலாளி இரும்புக் கட்டிகளை வாகனில் ஏற்றினான். நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் ஏற்றியவனை 47 டன் ஏற்ற வைத்தேன் என்கிறார் டெய்லர். கூலி 1 டாலர் 15 சென்டிலிருந்து 1 டாலர் 85 சென்டாக உயர்ந்ததாம். எவ்வளவு தாராளம்!

நாம் டன் கணக்கில் பார்ப்போம். முன்பு ஒரு டன்னுக்கு 9 சென்டுக்கு மேல் கூலி. பின்பு 4 சென்டுகூட இல்லை! வேலை நாலு மடங்குக்கு நெருக்கம். கூலி இரண்டு மடங்குகூட இல்லை. மீதி யார் பைக்குப் போயிற்று? இந்த வேலைக்கேற்றவன் மாட்டைப்போல மந்தபுத்தி உடையவனாக இருக்கவேண்டும் என்றும் அந்தக் கனவான் எழுதினார். 1974ல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பழைய ரிக்கார்டுகளைப் புரட்டிப் பார்த்து, கதையில் பெரும்பகுதி ஜோடனை என்று காட்டினார்கள்.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. அதே 1911ல் வாட்டர்டவுன் நகரத்து அரசாங்க ஆயுதச் சாலைக்குள் டெய்லரின் கடிகாரம் நுழைந்தது. ஒரு வார்ப்புத் தொழிலாளி, என்னை நேரம் பார்க்காதே என்று மறுத்தான். அவனை வேலையை விட்டு நீக்கினார்கள். உடனே வார்ப்படத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அமெரிக்கச் சட்டசபை விசாரணைக் கமிட்டி அமைத்தது. தொழிற்சங்கங்கள் விடாமல் போராடின. 1915ல், அரசாங்க ஆயுதச் சாலைகளில் கடிகாரம் பிடித்து வேலை அளப்பதற்குப் பணம் ஒதுக்கக்கூடாதென்று சட்டத்திலேயே எழுதினார்கள். மாட்டைப்போல என்று எழுதப்பட்டவர்கள் எழுதியவரை விடக் கணக்குத் தெரிந்தவர்கள் என்று நிரூபித்தார்கள்!

தோழர்களே, கணக்குப் படிக்காதே என்று நாம் சொல்லவில்லை. நன்றாகப் படியுங்கள். நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டி என்றால் வருஷத்துக்கு 60 சதவிகிதம் என்று தெரிந்துகொள்ளுங்கள். பிராவிடண்ட் பண்டில் பிடித்த பணம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மில்லின் வரவு செலவு அறிக்கையைச் சங்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். போனஸ் பேச்சுவார்த்தையில் அது உதவும்.

பணக்காரனாக்கும் புத்தகம் கைக்கு வந்தால் அதையும் படியுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றை மட்டும் கேளுங்கள்: இந்தப் பணம் யாருடைய உழைப்பிலிருந்து வந்தது? புத்தகத்தில் பதில் இராது. உங்கள் கைக்குத் தெரியும்.