கண்டுபிடிப்பதும் வேலைதான்



“ஒரு ஒயரைத் தொட்டாரு, வண்டி கிளம்பிடுச்சு. அதுக்கு ஐந்நூறு ரூபாயா?” கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் சாலையோர ஒர்க்‌ஷாப்புகளில் இப்படி அங்கலாய்க்கும் குரலைக் கேட்டிருப்பீர்கள். ஏதாவது ஒரு பார்ட்ஸை மாற்றிவிட்டு மூவாயிரத்துக்கு பில் நீட்டினால் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுகிறோம். பழுது எங்கே என்று கண்டுபிடித்ததற்குக் காசு கொடுக்க மட்டும் மனம் வருவதில்லை. இது நியாயமில்லை.

வண்டி கிளம்பவில்லை என்றால் நல்ல மெக்கானிக் உடனே ஸ்பேனரை எடுப்பதில்லை. சாவியைத் திருகச் சொல்லிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். செல்ஃப் சுற்றுகிறதா, இல்லையா? பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும். ‘டிக், டிக்’ என்று மட்டும் கேட்டு, டாஷ்போர்டு விளக்கும் மங்கினால் பேட்டரிப் பக்கம் போவார். அப்போதும் புதுப் பேட்டரி வாங்கிவரச் சொல்லமாட்டார். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருக்கிறதா, எர்த் ஒயர் தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். வெந்நீர் ஊற்றித் துடைத்து இறுக்கியதுமே எழுந்துவிடும் வண்டிகள் உண்டு. சும்மா இருக்கும்போது மீட்டரில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரிகூட ஏமாற்றும். செல்ஃப் அடிக்கும்போது அது 9.6-க்கும் கீழே விழுந்தால் உள்ளே தெம்பில்லை என்று அர்த்தம்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பற்றவில்லையா? தேடும் இடமே வேறு. பல பெட்ரோல் கார்களில் சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுக்கு அடியிலிருந்து ஓரிரு நொடி மெல்லிய ரீங்காரம் வரும். அதுதான் பெட்ரோல் பம்ப். அது கேட்கவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். டாஷ்போர்டில் சாவிப் படம் மின்னிக்கொண்டே இருந்தால் திருட்டுத் தடுப்புக் கருவியான இம்மொபிலைசர் சாவியை ஏற்கவில்லை. டேங்க் வறளும்வரை ஓட்டிய பழைய டீசல் வண்டி என்றால் ஏர் லாக். ஹேண்ட் பம்பை அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். கோளாறைக் காட்டத்தான் ஸ்கேனர் வந்துவிட்டதே என்பார்கள். ஸ்கேனர் ஒரு எண்ணைக் காட்டும், அவ்வளவுதான். கெட்டது சென்சாரா, அதற்குப் போகும் ஒயரா என்பதை ஆள்தான் மீட்டர் வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் திருவள்ளூர் மாவட்டத்து மெக்கானிக்குகள் இதற்காக நிறையக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஹேண்டில் போட்டுச் சுற்றிக்கூடக் கிளப்பிய அம்பாசடரைச் செய்த அதே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ்தான் 1998-ல் திருவள்ளூரில் மிட்சுபிஷி லான்சரைத் தயாரிக்கத் தொடங்கியது. கார்புரேட்டரைக் கழற்றி ஊதிப் பழகிய கைகளுக்குக் கம்ப்யூட்டர் வைத்த எஞ்சின் வந்து சேர்ந்தது. 2023-ல் திருவள்ளூரிலிருந்தே சிட்ரோயன் மின்சாரக் கார் வெளிவந்தது. எஞ்சினே இல்லாத மின்சாரக் காரும் அதிலுள்ள சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டால் எழுந்திருக்காது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஆவடியையும் அம்பத்தூரையும் மூழ்கடித்தது நினைவிருக்கும். தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருகிப் பார்க்கத்தான் கை துடிக்கும். அங்கேதான் ஆபத்து. காற்றை அழுத்தினால் சுருங்கும்; தண்ணீர் சுருங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், மேலே வரும் பிஸ்டன் அதில் முட்டி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிறகு எஞ்சினையே பிரிக்க வேண்டும். எஞ்சினுக்கென்று தனிப் பாதுகாப்பு சேர்த்திருந்தாலொழிய, சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசி பெரும்பாலும் இதற்குக் கைகொடுக்காது. அந்த நேரத்தில், “திருகாதீங்க சார், பேட்டரி ஒயரைக் கழற்றிட்டு, கட்டி இழுத்துட்டு வாங்க” என்று போனில் சொல்லும் மெக்கானிக் ஒரு நட்டைக்கூடத் தொடவில்லை. ஆனால் ஒரு எஞ்சினைக் காப்பாற்றிவிட்டார். அவருக்கு நாம் என்ன கொடுத்தோம்?

கண்டுபிடித்ததற்குக் கூலி கிடைக்காத தொழிலாளி பார்ட்ஸ் மாற்றித்தான் பிழைக்க வேண்டியிருக்கும். தேவையில்லாத பேட்டரியும் பம்பும் நம் தலையில் விழுவதற்கு நம் கஞ்சத்தனமும் ஒரு காரணம்.

வண்டியைக் காட்டப் போகும்போது, பார்க்கும் கூலி எவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். என்ன கோளாறு, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேளுங்கள்; நல்ல மெக்கானிக் சந்தோஷமாகச் சொல்வார். எதையும் மாற்றாமலே வண்டி கிளம்பினாலும் பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்