பழத்தட்டில் அப்படி என்ன இருக்கிறது?

"ஒரு கிண்ணம், நாலு பழம், பக்கத்தில் ஒரு பாட்டில். இதை வரைய ஒரு ஓவியனா?" என்று நக்கலடிப்பவர்கள் தாங்கள் ஏதோ புதிதாகக் கேட்டுவிட்டதாக நினைக்கிறார்கள். பாவம், இது 350 வருஷத்துப் பழைய சரக்கு!

1660களில் பாரிஸ் ராஜ ஓவியக் கழகத்துக்காக ஆந்த்ரே ஃபெலிபியன் ஒரு தரவரிசையே எழுதிவைத்தார். உச்சியில் புராண, சரித்திரக் காட்சிகள். பிறகு மனித உருவங்கள். அதற்கும் கீழே மிருகங்கள், நிலக்காட்சி. கடைசியில் பழம், பூ, சிப்பி. ஓவியத்திலும் ஜாதி!

அந்தக் கடைசி வரிசைக்காரர்தான் ஷார்தான். வயிறு கிழிந்து தொங்கும் ஒரு திருக்கை மீன், சிப்பிகள் மேல் முதுகைத் தூக்கி நிற்கும் பூனை, ஒரு ஜாடி. இப்படி வரைந்தவரை 1728இல் கழகம் சேர்த்துக்கொண்டது. ஆனால் பேராசிரியர் பதவி சரித்திர ஓவியர்களுக்கு மட்டும்தான். ஷார்தானுக்கு 1755இல் கிடைத்தது பொருளாளர் பதவி. கணக்குப் பார்க்க மட்டும் அவர் வேண்டும்! அந்தத் திருக்கை இன்று லூவர் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. அவருக்கு மேலே உட்கார்ந்திருந்த பேராசிரியர்களில் எத்தனை பேரின் பெயர் இன்று யாருக்குத் தெரியும்?

இங்கிலாந்தில் கான்ஸ்டபிள் வரைந்தது ஆற்றில் நிற்கும் ஒரு குதிரை வண்டி. 1821இல் லண்டனில் அதை வாங்க ஆளில்லை. 1824இல் பாரிஸில் அதற்குத் தங்கப் பதக்கம். வெறும் மேகங்களைக்கூட விடாமல் வரைந்து, பின்பக்கத்தில் தேதி, நேரம், காற்றின் திசை எல்லாம் குறித்துவைத்தவர் அவர்.

"அதற்குத்தான் கேமரா இருக்கிறதே" என்பது அடுத்த கேள்வி. கேமரா வந்து பல காலம் கழித்துத்தான் இத்தாலியின் பொலோன்யா நகரில் மொராண்டி, அதே சில பாட்டில்களையும் ஜாடிகளையும் இடம் மாற்றி மாற்றி வைத்து, 1964இல் சாகும்வரை வரைந்தார். பாட்டில் எப்படி இருக்கும் என்று சொல்லவா? இல்லை. பார்த்து முடித்துவிட்டோம் என்று நினைக்கிற பொருளில் பார்க்காதது எவ்வளவு மிச்சம் என்று காட்ட.

கணக்குப் புத்தகத்தில் பொருளுக்கு வருஷா வருஷம் தேய்மானம் எழுதுவார்கள். பொருள் மட்டுமல்ல, பார்க்கிற கண்ணும் தேய்கிறது. அதற்கு யாரும் கணக்கு எழுதுவதில்லை.

இது வெறும் ரசனைச் சண்டை அல்ல. ஷார்தான் 1738இல் பாத்திரம் தேய்க்கும் பெண்ணையும் வரைந்தார், அதே பொறுமையோடு. பானையில் பார்க்க ஒன்றுமில்லை என்பவருக்கு, பானை தேய்ப்பவளிடமும் பார்க்க ஒன்றும் இருக்காது. பொருளுக்குப் போடும் தரவரிசை மனிதரில்தான் போய் முடியும்.

அதிசயம் பார்க்க விமான டிக்கெட் எடுப்பவர்கள் எடுக்கட்டும். போகுமுன் சமையலறையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம்.