வாட்ஸ்அப்புல ஒரு யானைக்கதை

பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவுல என்னவெல்லாம் வருது? வீட்டுப்பாடம், லீவு அறிவிப்பு, ஆதார் நகல் கேட்டு ஒரு மெசேஜ், நடுவுல யாரோ ஒரு அப்பா அனுப்புற 'இனிய காலை வணக்கம்' ரோஜாப்பூ. ஒரு பிள்ளை தான் படிச்ச கதையைப் பத்திச் சொன்னதா எதுவும் வர்றதில்லை. இருக்குற இந்தக் குழுவை வச்சே அதைச் செய்யலாம்ங்கிறது என் கட்சி.

படிக்க எதுவும் இல்லைன்னு இனிமே சாக்குச் சொல்ல முடியாதுங்க. பிரதம் புக்ஸ் 2015-ல ஆரம்பிச்ச ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ்க் கதைகள் இலவசம். இறக்கிக்கலாம், அச்சடிச்சும் கொடுக்கலாம். 2023-ல தமிழக அரசு தொடங்குன வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படி வச்சு, சின்னச் சின்னப் புத்தகங்களைப் பள்ளிகளுக்கு அனுப்புச்சு. பேரே எவ்ளோ அழகு பாருங்க! ஆக, புத்தகம் இருக்கு. அதைப் பத்தின பேச்சுதான் இல்லை.

2022 ஜூன்ல இல்லம் தேடிக் கல்வியில வாசிப்பு மாரத்தான் நடத்துனாங்க. கூகுள் ரீட் அலாங் செயலி முன்னாடி பிள்ளை வாய்விட்டுப் படிக்கும். செயலி கேட்டுத் திருத்தும், நட்சத்திரம் கொடுக்கும், எத்தனை வார்த்தைன்னு எண்ணும். கொரோனாவுல எழுத்து மறந்த பிள்ளைங்களுக்குத் தேவையான மருந்துதான், குறை சொல்லல. ஆனா சரளமா வாசிக்க வைக்கிறது வேற, தானா ஒரு புத்தகத்தைத் தேடி எடுக்க வைக்கிறது வேற. ரெண்டாவதுக்கு நட்சத்திரம் பத்தாது. பக்கத்து பெஞ்சு பொண்ணு "ஏய், இதுல ஒரு யானை வருதுடி, செம காமெடி"ன்னு சொல்லணும்.

எங்க நல்லூர் ஒன்றியம் மாதிரி கிராமங்கள்ல, பத்துப் பேர் படிக்கிற வகுப்புல அப்படிச் சொல்ல ஆள் குறைவு. இங்கதான் வாட்ஸ்அப் உதவும். வாரம் ஒரு பிள்ளை, டீச்சர் போன்ல ரெண்டு நிமிஷக் குரல் பதிவு. கதையைச் சொல்லலாம், முடிவை மட்டும் சொல்லக்கூடாது. பக்கத்து ஊர் டீச்சர் அதைத் தன் வகுப்புல போட்டுக் காட்ட, அங்கேருந்து ஒரு பிள்ளை பதில் பேசும். பிள்ளை கையில போன் வேண்டாம், பேர் வேண்டாம், போட்டோ வேண்டாம். பெத்தவங்ககிட்ட மட்டும் முன்கூட்டியே சம்மதம் கேட்டுடணும்.

ஒரே ஒரு நிபந்தனை, மார்க் கூடாது. 'அனைவரும் ஞாயிறுக்குள் அனுப்பவும்'னு உத்தரவு வந்துச்சு, கதை கந்தல்! அப்பா எழுதிக் கொடுப்பார், பிள்ளை ஒப்பிக்கும். விருத்தாசலம் பீங்கான் பொம்மை பார்த்திருப்பீங்க. களிமண் கூழை அச்சுல ஊத்துனா எத்தனை எடுத்தாலும் ஒரே முகம். பொம்மைக்கு அது சரி. புத்தகத்தைப் பத்தி அத்தனை பிள்ளைங்களும் ஒரே மாதிரி பேசுனா, யாரும் படிக்கலைன்னு அர்த்தம்.

"எனக்குப் பிடிக்கல, பாதியில வச்சுட்டேன்"னு ஒரு பிள்ளை தைரியமா சொல்லணும். "சரி, வேற எடுத்துக்கோ"ன்னு டீச்சரும் விடணும். அங்கதான் சொந்தமா வாசிக்கிற பழக்கம் ஆரம்பிக்குது.

டீச்சருங்களே, அடுத்த வாரம் ஒரே ஒரு பதிவு போட்டுத்தான் பாருங்களேன். ரோஜாப்பூக்களுக்கு நடுவுல ஒரு யானைக்கு இடம் இல்லாமலா போயிடும்? :-)