யோசேப்புக்கு முழு மேப் கிடைக்கலை

டிசம்பர் வந்தாச்சு. புளியறையில காலை நேரத்துப் பனி இறங்கியாச்சு, வீட்டு வாசல்கள்ல ஸ்டார் தொங்க ஆரம்பிச்சாச்சு. இனி கிறிஸ்துமஸ் முடியும் வரைக்கும் எல்லா ஆராதனையிலும் தவறாம கேட்கப்போற வாக்கியம் ஒண்ணு உண்டு. "எல்லாம் தேவ திட்டம்."

அந்த வாக்கியத்தில் எனக்கும் நம்பிக்கை இருக்கு. அதைச் சொல்ற நேரமும் விதமும் தான் எனக்குத் தகராறு. சாவு வீட்டில் சொல்றாங்க, வேலை போனவன்கிட்ட சொல்றாங்க. கொதிக்கிற பானைக்கு மூடி போடுற மாதிரி, அழுகிறவங்க வாய்க்கு ஒரு மூடி.

2020-ல் கொரோனா வந்து எல்லையை மூடினப்போ இதை நல்லாவே பார்த்தேன். எங்க ஊர் செக்போஸ்ட்டைத் தாண்டி ஆரியங்காவு, தென்மலை, புனலூர்னு கூலி வேலைக்குப் போறவங்க நிறைய பேர். ஒரே நாள்ல அத்தனை பேர் பிழைப்பும் நின்னுபோச்சு. எங்க தெருவில் ஒரு அக்காவோட வீட்டுக்காரரும் அதில் ஒருத்தர். அவங்க வீட்டுக்கு வந்த ஒரு பெரியவர் வழக்கம்போல "எல்லாம் தேவ திட்டம்மா, கலங்காதே"ன்னார். அக்கா நிதானமா கேட்டாங்க, "அரிசி எந்தத் திட்டத்துல வருது அண்ணாச்சி?"

நல்ல கேள்விங்க. கிறிஸ்து பிறப்புக் கதையை இந்தக் கேள்வியோட வாசிச்சா என்ன கிடைக்குதுன்னு பார்ப்போம்.

முதல்ல அந்த குடிமதிப்பு. ரோமாபுரியில் இருக்கிற அகுஸ்து ராயன் ஒரு கட்டளை போடுறான். வரி வசூலிக்க ஆள் கணக்கு வேணும், அவ்வளவு தான் அவன் கவலை. அதனால நாசரேத்தில் இருக்கிற ஒரு நிறைமாத கர்ப்பிணி, நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற பெத்லகேமுக்குக் கிளம்ப வேண்டியதாச்சு. மேசியா பெத்லகேமில் பிறப்பார்னு மீகா தீர்க்கதரிசி சுமார் எழுநூறு வருஷம் முன்னாடியே சொல்லிட்டார். ராயனுக்கு மீகாவைத் தெரியாது. ஆனா அவன் போட்ட கட்டளை மீகா சொன்னதை நிறைவேத்திட்டுது.

எங்கயோ போடுற கையெழுத்து நம்ம வாழ்க்கையை மாத்துறது புளியறைக்காரங்களுக்குப் புதுசு இல்லை. 1956 நவம்பர் 1-ம் தேதி வரைக்கும் செங்கோட்டையும் எங்க ஊரும் திருவிதாங்கூர்-கொச்சி. அன்னைக்கு விடிஞ்சப்போ சென்னை மாநிலம். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆரியங்காவு கேரளாவிலேயே நின்னுபோச்சு. யாரும் வீடு மாறலை, எல்லை தான் மாறிச்சு!

சரி, மேலே கையெழுத்து போட்டவங்களை விடுங்க. கீழே நடந்து போன யோசேப்பைப் பாருங்க. அவருக்கு நாலு சொப்பனம் வருது. மரியாளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஒண்ணு. எகிப்துக்கு ஓடிப்போகச் சொல்லி ஒண்ணு. ஏரோது செத்தாச்சு, திரும்பி வான்னு ஒண்ணு. யூதேயாவில் அர்கெலாயு ஆட்சின்னு கேட்டு மனுஷன் பயந்து நிக்கும்போது, கலிலேயா பக்கம் திருப்பிவிட ஒண்ணு.

நாலையும் சேர்த்து ஒரே ராத்திரியில் சொல்லியிருக்கலாமே? சொல்லலை. எகிப்தில் எத்தனை நாள் தங்கணும்னு கூட சொல்லலை, மறுபடி சொல்ற வரைக்கும் அங்கேயே இருன்னு தான் உத்தரவு. எங்க ஊர்ல இருந்து கோட்டைவாசலுக்கு ஏறுற எஸ் வளைவுல ராத்திரி லாரி ஓட்டுற டிரைவரைக் கேளுங்க. ஹெட்லைட் அடுத்த வளைவு வரைக்கும் தான் அடிக்கும். அதை நம்பித்தான் வண்டி கேரளா போய்ச் சேருது. முன்னறிவு கடவுளுக்கு, அடுத்த அடி மட்டும் நமக்கு. என்னைத் தேற்றுறது இந்தப் பங்கீடு தான்.

இப்போ அந்த அரிசிக் கேள்வி. சாஸ்திரிகள் பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் கொண்டு வந்து வைக்கிறாங்க. அவங்க புறப்பட்டுப் போன பிறகு தான் எகிப்துக்கு ஓடுன்னு சொப்பனம் வருது. அந்தப் பொன் தான் வழிச்செலவுக்கு ஆச்சுன்னு வேதத்தில் எழுதலை, ஆனா அப்படி நினைக்கிறவங்க பலர், நானும் அதில் ஒருத்தன். செலவு வர்றதுக்கு முன்னாடியே கையில காசு வந்தாச்சு. ஆனா அது வானத்தில் இருந்து விழலை, தூரதேசத்துக்காரங்க சுமந்துட்டு வந்தாங்க. அதனால "தேவ திட்டம்"னு சொல்ல வர்றவர் கையில ஒரு அரிசிப் பையும் இருக்கிறது நல்லது :-)

இன்னொண்ணையும் மறைக்கக் கூடாது. யோசேப்பு குடும்பம் தப்பிச்சுது, பெத்லகேமின் மத்த குழந்தைகள் தப்பிக்கலை. கேரல் ரவுண்ட்ஸில் இதை யாரும் பாடுறதில்லை. ஆனா மத்தேயு எழுதி வச்சிருக்கார். ஆறுதல் வேண்டாம்னு அழற ராகேலை, எரேமியாவில் இருந்து எடுத்துக் கண்முன்னால நிறுத்துறார். அந்தத் தாய்மார்கிட்ட "எல்லாம் திட்டம்"னு அவர் சொல்லலை. அவரே சொல்லாததை நாம ஏன் முந்திக்கிட்டுச் சொல்லணும்?

இதே மலையடிவாரத்தோட தெற்கே போனா களக்காடு, அதைத் தாண்டி தோனாவூர். அங்கே 1901-ல் வந்து, பிறகு பெண் குழந்தைகளைக் காப்பாத்தி வளர்த்த ஏமி கார்மைக்கேல் பத்தி ஒரு கதை பிரசித்தம். சின்ன வயசில் நீலக் கண் கேட்டு ஜெபம் பண்ணினாராம், கிடைக்கலை. அந்தப் பழுப்புக் கண் தான் பின்னால இந்த ஊர் மக்களோட கலக்க உதவிச்சுன்னு சொல்வாங்க. அழகான கதை, முடிவு தெரிஞ்சதால சொல்றதும் சுலபம். எனக்கு அவரோட 1931 தான் முக்கியம். களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் உடைஞ்சுது. அதுக்குப் பிறகு 1951-ல் சாகும் வரைக்கும், கிட்டத்தட்ட இருபது வருஷம் பெரும்பாலும் அறைக்குள்ளேயே. அங்கிருந்தே புத்தகம் புத்தகமா எழுதினார். ஏன் விழுந்தோம்னு பதில் கிடைச்ச பிறகா எழுத உட்கார்ந்தார்? அன்னைக்கு முடிஞ்சதை அன்னைக்குச் செய்தார், அவ்வளவு தான்.

கடவுளுக்கு முன்கூட்டியே தெரியும்ங்கிறது அழறவங்களை அடக்குற பதில் கிடையாது, நடக்கிறவங்களுக்குத் துணை. இந்த வருஷம் யாராவது உங்க முன்னால கலங்கி உட்கார்ந்தா, விளக்கம் சொல்லாதீங்க. பக்கத்தில் உட்காருங்க, முடிஞ்சதைக் கொடுங்க. மிச்ச வழி அவருக்குத் தெரியும்.

எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கள்!