தாளில் விழுந்த குறி

அறுவைக்கு முன் நோயாளி யார், எந்த உறுப்பு என்று உரக்கச் சொல். முடிந்ததும் பஞ்சையும் ஊசியையும் எண்ணு! உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் தந்த 19 அம்சப் பட்டியலின் சாரம் இதுதான். எட்டு நகரங்களில் சோதித்தார்கள். சாவு நூற்றுக்கு 1.5-இலிருந்து 0.8 ஆயிற்று.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2010-இல் உத்தரவு போட்டது. மருத்துவமனைகள் நிறைவேற்றியதாகக் கணக்கும் காட்டின. பலன்? 101 மருத்துவமனைகளை ஆராய்ந்த 2014-ஆம் ஆண்டு ஆய்வு, சாவு சொல்லும்படி குறையவில்லை என்றது!

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? உத்தரவு ஒரு நாள் வேலை. பழக்குவது பல மாத வேலை. "பஞ்சு ஒன்று குறைகிறது" என்று செவிலி சொன்னால், பெரிய டாக்டரின் கை தையலை நிறுத்த வேண்டும். அந்த உரிமையை அவருக்குத் தராத ஆட்சியாளர்களே, உங்கள் உத்தரவு தாளைத்தான் நிரப்பும், உயிரைக் காக்காது!