மாறாத பிராணியா?

படைக்கப்பட்ட பிராணிகள் படைத்தபடியே இருக்கும், மாறமாட்டா என்று வாதிக்கும் அன்பர்கள் தங்கள் கட்சிக்குச் சாட்சியாக ஒரு பிராணியைக் கொண்டுவந்து நிறுத்துவதுண்டு. நியூசிலாந்துத் தீவுகளில் வாழும் துவாட்டாராதான் அது. 20 கோடி வருஷமாக அது மாறவே இல்லையாம்! ஆகையால் பரிணாமம் பொய்யாம்! சாட்சியை நாமும் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்து பார்ப்போம்.

பார்வைக்கு அது பெரிய ஓணான்தான். 1831-ல் அதன் மண்டையோட்டைப் பார்த்த ஜான் எட்வர்ட் கிரே என்ற பிராணி நூல் பண்டிதரும் பல்லி இனத்திலேயே சேர்த்துவிட்டார். மூத்தவர் சொல்லிவிட்டார் என்பதற்காக ஆல்பர்ட் குந்தர் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. 1867-ல் எலும்பு எலும்பாகச் சோதித்து, இது பல்லியல்ல, தனி வகுப்பு என்று காட்டினார்.

இனி அதன் பழைய சுற்றத்தாரைப் பார்ப்போம். இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷையர் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் கிடைத்த எலும்புகளுக்கு, 1939-ல் ஸ்விண்டன் என்பவர் கிளீவோசாரஸ் என்று பெயரிட்டார். ஒரு முழத்துக்கும் குறைந்த இச்சிறு பிராணி வாழ்ந்தது சுமார் 20 கோடி வருஷங்களுக்கு முன். இவ்வகுப்பார் நம் கோதாவரிப் பள்ளத்தாக்கிலும் இருந்திருக்கிறார்கள். 2001-ல் விவரிக்கப்பட்ட ஒன்றுக்குக் கோதாவரிசாரஸ் என்றே பெயர்.

முக்கியமான விஷயம் இதுதான். துவாட்டாராவின் மண்டையோட்டில், கண்ணுக்குப் பின்னே கன்னத்தடியில் ஓர் எலும்புப் பாலம் உண்டு. பல்லிகளுக்கு அது முழுமையாக இல்லை. ஆதிகாலத்து அடையாளம் அழியாமல் நிற்கிறது என்று அதை வெகுகாலம் நம்பினார்கள். ஆனால், மிகப் பழைய சுற்றத்தாரின் மண்டையோடுகளைப் பார்த்தபோது, பலவற்றில் அந்தப் பாலம் பாதியிலேயே நின்றது! முன்னோர் இழந்ததைப் பின்வந்தது மறுபடி பெற்றிருக்கிறது. எதை மகா பழமை என்றார்களோ அதுவே பிந்தி வந்த மாறுதல். சாட்சியே கட்சிக்காரரைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

பாம்பு, பல்லிகளின் வழியிலிருந்து துவாட்டாராவின் வழி பிரிந்து சுமார் 25 கோடி வருஷமாயிற்று என்று 2020-ல் வெளியான மரபணு ஆராய்ச்சி கூறுகிறது. அவ்வழியில் பாம்பு, பல்லிகள் 10,000 இனத்துக்கு மேல். இவ்வழியில் மிஞ்சியதோ ஒன்றே ஒன்று. மனிதரோடு ஓடத்திலும் கப்பலிலும் வந்த எலிகள் முதலியவற்றால் பெரிய தீவுகளில் அதுவும் அற்றுப்போயிற்று. 1895-ல் செய்த சட்டமும், சிறு தீவுகளில் மனிதர் பாடுபட்டு எலிகளை ஒழித்ததும் அதைக் காத்தன. படைத்தவன் காப்பான் என்று கைகட்டியிருந்தால் எலிதான் கொழுத்திருக்கும்!

தோழர்களே! எவரேனும் எதையேனும் காட்டி, “இது ஆதியிலிருந்து மாறாதது” என்றால் தலையாட்டாதீர்கள். “அதற்கு முன் எப்படி இருந்தது? ஆதாரம் எங்கே?” என்று கேளுங்கள்.