ஒரே வீட்டுக்கு இரண்டு உத்தரவுகள்

சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் ஆகிய மாவட்டங்களின் பெருநகரப் பகுதிகளில் 2020 ஜூன் 19 முதல் 30 வரை மீண்டும் முழு ஊரடங்கு நடைமுறைப்படுத்தப்படும் எனத் தமிழக அரசு ஜூன் 15 அன்று அறிவித்தது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மேற்குப் புறநகர்கள் மூன்றும் இந்த எல்லைக்குள் வந்தன. மார்ச் 25 தொடங்கி மே 31 வரை 68 நாள் நீடித்த நாடு தழுவிய ஊரடங்கின் காயங்கள் ஆறுமுன்பே அடுத்த 12 நாள்களுக்கு உழைக்கும் மக்கள் ஆயத்தமாக வேண்டியிருந்தது. நோயைக் கட்டுப்படுத்துவதன் தேவையை நாம் மறுக்கவில்லை. அந்தக் கட்டுப்பாட்டின் விலையை யார் செலுத்தினர், அந்தச் செலவு எந்தக் கணக்கில் எழுதப்பட்டது என்பதையே இங்கே பரிசீலிக்க விரும்புகிறோம்.

இப்பகுதியின் சேரிகளிலும், கூவம் கரையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள் குடியமர்த்தப்பட்டுள்ள அத்திப்பட்டு, கூடப்பாக்கம் போன்ற அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் வழக்கமாகக் காணக்கூடிய ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். கணவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒப்பந்ததாரரின் கீழ் ஹெல்பர். மனைவி உள்ளாட்சி அமைப்பில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். கணவரின் தாயார் முகப்பேர் பக்கம் இரண்டு மூன்று வீடுகளில் பாத்திரம் துலக்கி, தரை துடைப்பவர். மார்ச் 24 மாலை 6 மணிக்கு மாநில அரசின் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்றிரவே பிரதமர் நாடு தழுவிய ஊரடங்கை அறிவித்தார். அத்துடன் கணவருக்கும் தாயாருக்கும் வந்த செய்தி, ‘நாளை வர வேண்டாம்’ என்பது. மனைவிக்கு வந்த செய்தி, ‘வழக்கம்போல் விடியற்காலையில் வந்தாக வேண்டும்’ என்பது. ஒரே வீட்டில் இருவர் தெருவில் இறங்கினால் குற்றம், ஒருவர் இறங்காவிட்டால் குற்றம். வேலை மறுக்கப்பட்டவருக்குக் கூலி உறுதியில்லை. வேலை கட்டாயமாக்கப்பட்டவருக்கு உயிர் உறுதியில்லை. எதிரெதிரானவைபோல் தோன்றும் இவ்விரு உத்தரவுகளும் ஒரே சமூக ஒழுங்கிலிருந்து பிறந்தவை என்பதே நம் வாதம்.

தொழிற்பேட்டையும் கூலியும்

1955 சனவரியில் காங்கிரஸ் கட்சி தன் மாநாட்டை ஆவடியில் கூட்டி, ‘சோசலிச பாணிச் சமுதாயம்’ அமைப்பதே குறிக்கோள் எனத் தீர்மானம் நிறைவேற்றியது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், பாடியில் வாகன உதிரிபாக ஆலைகளும், அம்பத்தூரில் சிறுதொழில்களுக்கான தொழிற்பேட்டையும் எழுந்தன. பட்டியல் சாதிக் குடும்பங்கள் பலவற்றுக்கு, வயலையும் ஆண்டையையும் விட்டு விலகிக் கூலியைப் பணமாகக் கையில் வாங்கும் வாய்ப்பு இந்தத் தொழில்மயத்தால் கிடைத்தது. ஆனால் நிரந்தர வேலை என்னும் படியில் ஏறியவர்கள் சிலரே. தாராளமயத்துக்குப் பின் வந்த தலைமுறைக்குக் கிடைத்ததெல்லாம் ஒப்பந்ததாரர் வழி வந்த நாள்கூலி.

2019இலேயே வாகனத் துறை கடும் மந்தத்தில் விழுந்திருந்தது. பெரிய ஆலைகள் உற்பத்தியில்லா நாள்களை அறிவித்தபோது, அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் அம்பத்தூர்ப் பட்டறைகளில் ஷிப்டுகள் குறைந்தன, மிகைநேரப் பணி நின்றது. ஆகவே 2020 மார்ச்சில் இத்தொழிலாளர்கள் சேமிப்போடு ஊரடங்குக்குள் நுழையவில்லை. கடனோடுதான் நுழைந்தனர்.

மார்ச் 29 அன்று ஒன்றிய உள்துறை அமைச்சகம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் ஓர் ஆணை பிறப்பித்தது. மூடியிருக்கும் காலத்துக்கும் தொழிலாளர்களுக்குப் பிடித்தமின்றிக் கூலி வழங்க வேண்டும், வாடகை வீட்டில் வாழும் தொழிலாளரிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்று அது சொன்னது. காகிதத்தில் நல்ல ஆணை. ஆனால் சம்பளச் சீட்டும் வருகைப் பதிவேட்டில் பெயரும் இல்லாத ஒருவர், தான் அந்த ஆலையின் தொழிலாளி என்பதை எதைக் காட்டி நிறுவுவார்? ஆலை நிர்வாகம் ஒப்பந்ததாரரைக் கைகாட்டும். ஒப்பந்ததாரர் தொலைபேசியை எடுக்கமாட்டார். மே 18 முதல் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. நடைமுறையில் இருந்த 50 நாளுக்கான கூலி குறித்த வழக்கில், கூலி வழங்காத நிறுவனங்கள் மீது கட்டாய நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்றும், முதலாளிகளும் தொழிலாளர்களும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றும் உச்ச நீதிமன்றம் ஜூன் 12 அன்று இடைக்கால உத்தரவிட்டது. சங்கம் உள்ள ஆலையில் பேச்சுவார்த்தை நடக்கலாம். சங்கமோ பணி ஆணையோ இல்லாத நாள்கூலிக்காரர் யாரோடு அமர்ந்து பேசுவார்?

பிற உதவிகளும் காகிதத்தின் வழியாகவே வந்தன. வருங்கால வைப்பு நிதியிலிருந்து பணம் எடுக்கச் சலுகை தரப்பட்டது; அதற்குக் கணக்கு வேண்டும். கட்டுமானத் தொழிலாளர்களுக்கும் ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் தனி நிவாரணம் அறிவிக்கப்பட்டது. அதற்கு நலவாரியப் பதிவு வேண்டும். அரிசி அட்டைக் குடும்பங்களுக்கு 1,000 ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் வழங்கப்பட்டன. பசியைத் தள்ளிப்போட உண்மையில் உதவியது இந்தப் பொது விநியோகமே என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வேறெந்தப் பதிவும் இல்லாத ஒரு குடும்பம் அந்த 1,000 ரூபாயை 68 நாளுக்குப் பகிர்ந்தால், நாளொன்றுக்கு 15 ரூபாய்கூட வரவில்லை. வாடகை, சமையல் எரிவாயு, மருந்து, வட்டி எல்லாவற்றுக்கும் சேர்த்து அவ்வளவே.

திறந்த ஆலை, ஓடாத ரயில்

மே 25 முதல் சென்னையின் தொழிற்பேட்டைகள் 25 விழுக்காட்டுத் தொழிலாளர்களுடன் இயங்கலாம் என அனுமதிக்கப்பட்டது. அம்பத்தூரும் அதில் அடக்கம். எந்த நான்கில் ஒருவர் என்பதை யார் முடிவு செய்தது? நிரந்தரப் பணியாளரும், சொந்த வாகனம் உள்ளவரும், ஆலைக்கு அருகில் குடியிருப்பவரும் முதலில் அழைக்கப்படுவது இயல்பு. எஞ்சிய முக்கால் பங்கில் யார் நிற்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் செல்லும் புறநகர் ரயில்தான் இப்பகுதி உழைப்பாளர்களின் உயிர்நாடி. திருவள்ளூர், திருநின்றவூர், பட்டாபிராம், ஆவடி, அண்ணனூர் எனக் காலையில் ஏறுபவர்கள் அம்பத்தூரிலும் பட்டரவாக்கத்திலும் கொரட்டூரிலும் இறங்கி நடந்தே ஆலைகளுக்குச் செல்வர். மாதச் சீட்டு வாங்கிவிட்டால் போக்குவரத்துச் செலவு கூலியைத் தின்னாது. நகரத்துக்குள் வாடகை கொடுக்க இயலாதவர்கள் தொலைவில் குடியிருக்க முடிந்ததே இந்த ரயிலால்தான். மார்ச் இறுதி வாரத்தில் நின்ற அந்த ரயில் 2020 ஜூன் நடுவிலும் ஓடவில்லை. ஜூன் 1 முதல் பிற மாவட்டங்களில் பேருந்துகள் இயக்கப்பட்டபோதும் சென்னையிலும் அண்டை மாவட்டங்களிலும் இயக்கப்படவில்லை. தொழிலாளர்களை நிறுவனமே வாகனம் வைத்து அழைத்துவரலாம் என்பது பத்துப் பேர் வேலை செய்யும் லேத் பட்டறைக்குப் பொருந்தாது. உற்பத்தியைத் தொடங்க வேண்டிய அவசரத்தை அரசு கண்டது. அந்த உற்பத்தியைச் செய்யும் உடல் எப்படி ஆலைவரை வந்து சேரும் என்பதை அது காணவில்லை.

ஆற்றங்கரைகளிலிருந்து மக்களை அகற்றியபோது, ‘நல்ல வீடு தருகிறோம்’ என்றார்கள். வேலையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி வைக்கப்பட்ட அந்த வீட்டின் உண்மையான விலை, பேருந்தும் ரயிலும் நின்ற நாளில்தான் முழுமையாகத் தெரிந்தது.

நிற்க அனுமதிக்கப்படாதவர்கள்

இனி இரண்டாவது உத்தரவுக்கு வருவோம். மார்ச் 22 மாலை 5 மணிக்கு நாடெங்கும் கைகளும் தட்டுகளும் தட்டப்பட்டன. தூய்மைப் பணியாளர்களுக்கும் அந்த நன்றி உரித்தாகும் என்றார்கள். 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட அம்பத்தூர், 2019இல் தனி மாநகராட்சியான ஆவடி, 2020இல் நகராட்சியாகவே நீடித்த பூந்தமல்லி என நிருவாகங்கள் மூன்றாயினும் தெருவைப் பெருக்குபவர்களின் சமூகப் பின்னணி மாறுவதில்லை. அவர்களில் மிகப் பெரும்பான்மையினர் பட்டியல் சாதியினர், பெண்கள் கணிசமானோர், பலர் ஒப்பந்தப் பணியாளர்கள்.

மருத்துவப் பணியாளர்களுக்கான முழு உடல் பாதுகாப்பு உடை ஆவடி படைத்துறை உடைத் தொழிற்சாலையிலேயே தைக்கப்பட்டது. அதே ஊர்களின் தெருக்களில் முகக்கவசமும் கையுறையும் கலந்து கிடந்த குப்பையைப் பிரித்தவர்களிடம் நாம் கண்டது, துவைத்துத் துவைத்து நைந்த துணிக் கவசத்தையும் ஒற்றைக் கையுறையையும்தான். பணியின்போது தொற்றி இறப்போர் குடும்பத்துக்கு 50 இலட்சம் ரூபாய் என்னும் அறிவிப்பு வரவேற்கத்தக்கதே. ஆயினும் உயிரோடு இருக்கும்போது நிரந்தரப் பணியும் உரிய ஊதியமும் மறுக்கப்பட்டவரின் மதிப்பு, இறந்தபின்தான் இலட்சங்களில் எண்ணப்படுமா?

சந்தையும் இதையே சொல்கிறது. தொற்று பரவியதால் மே 5 அன்று கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, மொத்தக் காய்கறி வணிகம் மே 11 முதல் பூந்தமல்லியை அடுத்த திருமழிசையில் தற்காலிகமாக அமைந்தது. நகரம் உண்ண வேண்டுமென்றால் மூட்டைகள் இறங்கியாக வேண்டும். கோயம்பேட்டில் சுமை தூக்கிய கூலிகள் அரியலூர், கடலூர், விழுப்புரம் எனத் தம் ஊர்களுக்குத் திரும்பியபோது நோயைச் சுமந்து வந்தவர்களாகவே பார்க்கப்பட்டனர். நெரிசல் மிகுந்த சந்தையை ஆறு வாரம் திறந்து வைத்த முடிவு அவர்களுடையதன்று.

அடுக்குமாடிகளின் வாயிற்கதவு இந்த ஒழுங்கின் சுருக்கமான படம். வீட்டு வேலை செய்யும் பெண் கிருமி கொண்டு வருவாள் என்று கதவு மூடப்பட்டது. குப்பை அள்ளும் பெண் ஒரு நாள் வராவிட்டால் புகார் பறந்தது. இருவரும் ஒரே குடியிருப்பிலிருந்து, ஒரே வீட்டிலிருந்துகூட வருபவர்கள்.

‘சமூக விலகல்’ என்னும் சொல்

‘சமூக விலகல்’ என்ற சொல்லை இந்நாள்களில் எங்கும் கேட்டோம். உலக நலவாழ்வு நிறுவனமே மார்ச் 20 அன்று ‘உடல் இடைவெளி’ எனச் சொல்லை மாற்றிக்கொண்டது. மனிதர் தம்முள் உறவை விலக்கத் தேவையில்லை, உடல்களுக்கிடையே தொலைவு இருந்தால் போதும் என்பதே அதன் பொருள். இங்கோ பழைய சொல்லே நிலைத்தது. ஏனெனில் அது இந்தச் சமூகத்துக்குப் புதியதன்று.

ஏப்ரல் 13 அன்று, சென்னையில் கொரோனாவால் இறந்த நெல்லூர் மருத்துவர் ஒருவரின் உடலை அம்பத்தூர் மயானத்தில் எரியூட்ட எதிர்ப்பு எழுந்தது. உடலை வேறிடம் கொண்டுசெல்ல நேர்ந்தது. ஒரு வாரத்துக்குள் மற்றொரு மருத்துவரின் உடலுக்கு எதிராகக் கல் வீசப்பட்டது. நாடு அதிர்ந்தது, உடலடக்கத்தைத் தடுப்போரைத் தண்டிக்க அவசரச் சட்டமும் வந்தது. அந்தக் குடும்பங்களின் துயரில் நாமும் பங்கேற்கிறோம். அதே வேளையில், பிணத்தைப் பொதுப்பாதையில் தூக்கிச் செல்லக்கூடாது எனத் தலைமுறை தலைமுறையாகத் தடுக்கப்படும் மக்களுக்காக அந்த வேகம் ஒருபோதும் காட்டப்படவில்லை என்பதையும் பதிவு செய்கிறோம். அந்த உடல்களை எல்லாம் இறுதியில் எரித்தும் புதைத்தும் தீர்த்த மயானத் தொழிலாளர்களின் பெயர் எந்தப் பாராட்டிலும் இடம்பெறவில்லை.

இந்த 12 நாளில் செய்ய வேண்டியவை

சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே அடுக்கடுக்காகப் பிரித்து நிறுத்துகிறது என்று 1936இலேயே அம்பேத்கர் இனங்காட்டினார். எவர் வீட்டிலிருக்கலாம், எவர் வெளியேறியாக வேண்டும், எவர் இரண்டுக்கும் நடுவே பட்டினி கிடக்க வேண்டும் என்று இந்த ஊரடங்கு பிரித்த விதம் அந்த அடுக்கைப் பின்பற்றியே சென்றது. இதை மாற்ற அரசுக்குப் புதிய சட்டங்கள்கூடத் தேவைப்படவில்லை.

ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரே தர வேண்டும் என 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21ஆம் பிரிவு கூறியது. தொழிலாளர் துறை அம்பத்தூர், ஆவடி ஆலைகளின் ஒப்பந்தப் பதிவேடுகளைக் கேட்டுப் பெற்று, ஊரடங்குக் காலத்தின் கூலி பற்றிய பேச்சுவார்த்தையில் இத்தொழிலாளர்களின் தரப்பில் தானே அமர வேண்டும். மிகச் சிறிய பட்டறைகள் இச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றதால், அங்குள்ளோருக்கு அரசே நேரடி உதவி வழங்க வேண்டும்.

இம்முறையும் அரிசி அட்டைக் குடும்பங்களுக்கு 1,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. வீடு தேடி வழங்கும்போது, அட்டை இல்லாதவர்களையும் முகவரி மாறியவர்களையும் குடியிருப்பிலேயே கணக்கெடுத்துச் சேர்க்க வேண்டும். ஊரடங்கு முடிந்தபின் ஆலைகளைத் திறக்கும் ஆணையும் தொழிலாளர்களுக்கான பேருந்தை இயக்கும் ஆணையும் ஒன்றாகவே வர வேண்டும். தூய்மைப் பணியாளர்களுக்கும் மயானத் தொழிலாளர்களுக்கும் தரமான பாதுகாப்புக் கருவிகள், ஊதியத்துடன் கூடிய தனிமைப்படுத்தல் விடுப்பு, பணிநிரந்தரம் ஆகியவை உரிமைகளாக எழுதப்பட வேண்டும்.

ஜூன் 19 விடியும்போதும் அதே வீட்டுக்கு அதே இரண்டு உத்தரவுகள் வந்து சேரும் நிலையே இருந்தது. கணவர் வீட்டிலிருக்க, மனைவி வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்க வேண்டியிருந்தது. மாத இறுதியில் அந்த வீட்டின் வாடகையை எதைக் கொண்டு கட்டுவது என்ற கேள்விக்கு, ஊரடங்கை அறிவித்தவர்கள் அந்த முறையாவது விடை சொல்லியிருக்க வேண்டும்.